குறுக்கே பேச முடியாத குடம்

வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலையில் நகராட்சித் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரத்தில், சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னாலுள்ள சந்தில் திலகவதி வீட்டு எவர்சில்வர் குடம் பேசியது. "இல்லப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று தொடங்கி, "கம்ப்யூட்டர் பக்கம் எனக்கு மனசே போவல" என்று முடித்தது. குடம் அப்போது முக்கால் நிரம்பியிருந்தது. திலகவதி குழாயை மூடிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது, போன வாரத்துக் கலங்கல் இல்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கடலூர் முதுநகரில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகள் அனுப்பிரியாவின் குரல் அது. அவளுக்கு வந்தது எரிச்சல்தான். மத்தியானத்துக்குள் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த நேரம் பார்த்துக் குடத்துக்கு வாய் முளைத்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

குடம் சாதாரணக் குடம்தான். திலகவதியின் கல்யாணத்துக்கு அண்ணன் மணிவண்ணன் சீர்வரிசையில் வைத்தது. கழுத்தைச் சுற்றி 'அண்ணன் மணிவண்ணன் அன்பளிப்பு' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். இத்தனை வருஷம் அதில் தண்ணீர் வந்தது, போனது. ஒரு தடவை விழுந்து இடுப்பில் ஒரு சொட்டை ஆயிற்று. மற்றபடி அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதே நேரத்தில் முதுநகரில் நடந்தது இது. மணிவண்ணனுக்குக் கூட்டாளி சுப்புராயனோடு சேர்ந்து ஒரு பைபர் படகு. வருஷக்கணக்காக இன்ஜின் பக்கத்தில் நின்று பழகியவன், யாரிடம் பேசினாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது போலத்தான் பேசுவான். நல்ல மனுஷன். கரைக்கு வந்ததும் கூடையில் கை விட்டு, இல்லாதவர்களுக்கு நாலு மீன் அள்ளிப் போடாமல் வீட்டுக்குப் போனதில்லை. ஆனால் அடுத்தவர் ஒரு பேச்சை முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க அவனுக்குத் தெரியாது. அது அவன் ஒருவனுடைய குற்றமும் இல்லை. துறைமுகத்தில் படகு கரை தொட்டதும் ஏலம் தொடங்கிவிடும். அங்கே ஒருவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பவருக்கு மீன் கிடையாது. முந்திக் கத்துபவருக்குத்தான் கூடை. அந்தப் பழக்கத்தை அந்தத் தெரு மக்கள் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சு, கருமாதிப் பேச்சு, சோற்றுக்கு என்ன குழம்பு என்கிற பேச்சு, எல்லாமே அங்கே ஏலம்தான்.

அனுப்பிரியா ப்ளஸ் டூ நல்ல மார்க் வாங்கிப் பாஸாகிவிட்டாள். ரிசல்ட் வந்த அன்றிலிருந்து வீட்டுக்கு யோசனைகள் வரத் தொடங்கின. முதலில் வந்தவன் அவளுடைய தாய்மாமன் கொளஞ்சியப்பன். சிப்காட்டில் ஏதோ ஒரு ரசாயனக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதால் படிப்பு விஷயம் எல்லாம் அவனைக் கேட்டுத்தான் நடக்கும். "கண்ண மூடிக்கினு கம்ப்யூட்டர்ல சேத்துடு மச்சான். காலேஜ் கரஸ்பாண்டென்ட் எனக்குப் பழக்கம்" என்றான். சுப்புராயன் நர்சிங் என்றான். அவன் கொழுந்தியாள் மகள் நர்சிங் படித்துவிட்டு லண்டனில் இருக்கிறாளாம், அங்கே குளிர் ஜாஸ்தியாம். பால்காரர் பேங்க் பரீட்சை என்றார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர், மணிவண்ணனின் வாயில் இடுக்கி இருக்கும்போதே, வக்கீல் படிப்புக்கு நல்ல எதிர்காலம் என்றார். வேறு யார் வீட்டுக்கோ போக வேண்டிய ஒருவர் வழி கேட்க வந்து, நின்றபடியே ஒரு டம்ளர் மோர் குடித்து, விவசாயப் படிப்பை விட்டுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எல்லோரும் மணிவண்ணனிடம்தான் சொன்னார்கள். அனுப்பிரியா வாயைத் திறப்பாள். "நீ சும்மா இரு, பெரியவங்க பேசுறோம்ல" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவள் விழுங்குவாள். விழுங்கியது வயிற்றுக்குப் போகவில்லை. முதுநகர் ரயிலடியைத் தாண்டி, ரயிலுக்கு முன்னாலேயே சிதம்பரம் போய், அத்தை வீட்டுச் சீர்க்குடத்தில் இறங்கியது.

திலகவதி அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அனு பேசுறது இங்க கேக்குதுண்ணே."

"கேக்காம? நல்லா சத்தமாதான பேசுது."

"அதில்லண்ணே, எங்க வூட்டுக் கொடத்துல..."

"கொடத்துல தண்ணி வரலியா? அங்கயும் அதே கததானா? கவுன்சிலருகிட்ட சொல்லு. சரி, அனுவ கம்ப்யூட்டர்ல போடலாம்னு இருக்கோம். நீ என்னா சொல்ற?"

"அதத்தான்ணே சொல்ல வரேன், அவளுக்கு..."

"சரி சரி, ஏலம் தொடங்கிட்டாங்க. வச்சிடறேன்."

திலகவதி போனை வைத்துவிட்டுக் குடத்தைப் பார்த்தாள். குடம், "ஒரு நிமிசம் கேளுப்பா" என்றது. "எங்கிட்ட சொல்லி என்னாடி பிரயோஜனம்" என்று அவள் குடத்துக்குள் குனிந்து கத்தினாள். அவள் குரல் தண்ணீரில் மோதித் திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. அந்த வழி ஒருவழிப் பாதை. அனுவுக்கே போன் போட்டால், பக்கத்தில் அப்பா நிற்பார். அவள் "ஒன்னுமில்லத்தே" என்பாள். மீதி குடத்தில் வரும்.

வீட்டில் சொல்லலாமென்றால் அவள் புருஷன் பச்சமுத்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டேஷனுக்கும் அண்ணாமலை நகருக்கும் நடுவே நாள் முழுக்க ஆள் ஏற்றி இறக்குவதால், எந்தப் பேச்சும் அவனுக்கு அடுத்த ஸ்டாப்புக்குள் முடிந்தாக வேண்டும். "இந்தாங்க, நான் சொல்றது" என்று அவள் தொடங்கினால், "வந்து கேக்குறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். வந்து கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து திலகவதியும் அப்படி எவ்வளவோ விழுங்கியிருக்கிறாள். அவையெல்லாம் எங்கே போயின என்று யாரும் விசாரித்ததில்லை. கிள்ளையில் இருக்கும் மாமியார் விருத்தாம்பாள் மட்டும், கேட்காமலே, பஸ் கண்டக்டரிடம் அவ்வப்போது ஒரு பை கொடுத்தனுப்புவாள். தையல் மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போயிருக்கும், அந்த வாரம் பையில் தைலம் இருக்கும். கூரை ஒழுகும், பையில் தார்ப்பாய் இருக்கும். திலகவதி அதை மாமியாரின் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டாள். அது சரியும்தான்.

குடம் பேசுகிற விஷயம் பக்கத்து வீட்டு ராணியம்மாளுக்குத் தெரிந்ததும் காரியம் கைமீறியது. ராணியம்மாள் கோயில் வாசலில் பூ விற்கிறவள். தன் மகன் இளவரசு ஒரு ஏஜென்டை நம்பி வெளிநாடு போக நின்றதால், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை கடன் வாங்க வந்தவள் காதில், "அவசரப்படாத. ஒரு வாரம் டைம் குடு" என்று குடம் சொன்னது விழுந்தது. அது கல்லூரிக்குப் பணம் கட்ட நாள் பார்க்கப் புறப்பட்ட அப்பனிடம் அனு சொல்ல வந்தது. ராணியம்மாள் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு ஓடிப்போய் மகனை ஒரு வாரம் நிறுத்தினாள். அந்த வாரத்துக்குள் ஏஜென்ட் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு தலைமறைவாகிவிட்டான். மறுநாள் காலை குடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. அண்ணன் பெயர் வெட்டியிருந்த இடத்தில் சந்தனம் அப்பியிருந்தார்கள்.

"யக்கா, இது எங்க அண்ணன் பொண்ணுக்கா. ப்ளஸ் டூ முடிச்சிட்டு காலேஜ் விஷயமா பேசிக்கினு இருக்கு."

"இருக்கட்டுமே திலகா. சாமி யார் கொரல்ல வேணா வரும். நமக்கு என்னா?"

"சாமி இல்லக்கா. அதுக்குப் போன மாசம்தான் காது குத்துன எடத்துல சீழ் வச்சிது."

"சாமிக்கும் இருக்கும்" என்றாள் ராணியம்மாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்து முழுக்கச் செருப்பு. 'குடத்தம்மா' என்று பெயர் வந்துவிட்டது. கற்பூர விலை சந்துக் கடையில் ஏறியது. அண்ணன் தம்பி நிலத் தகராறில் கோர்ட்டுக்குப் போக இருந்த ஒருவர் வந்து நின்றார். "ஒரு தடவ, ஒரே தடவ, நான் சொல்றதயும் கேளேன்" என்று குடம் அழாத குறையாகச் சொன்னது. அவர் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய், ஒரு பேச்சுப் பேசாமல் உட்கார்ந்து கேட்டார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து குடத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டீக்கடையை யார் பேருக்கு எழுதுவது என்று கேட்க வந்தவரிடம், "ஏன், பொம்பளப் புள்ள செஞ்சா ஆவாதா?" என்றது. அவர் மகள் பேருக்கு எழுதினார். கடை இப்போதும் நன்றாக நடக்கிறது. குடம் யாருக்கும் தவறான வாக்குச் சொன்னதாகப் பேச்சில்லை. கேட்கச் சொல்லிக் கெஞ்சுகிற ஒரு பெண்ணின் வார்த்தை எந்த வீட்டுக்குள் போனாலும் அங்கே கெடுதல் நடப்பதில்லை. ஆண்டவனுக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும்.

திலகவதிக்குத்தான் உயிர் போயிற்று. தண்ணீர் பிடிக்கக் குடம் இல்லை. மிஷினை மிதிக்க இடம் இல்லை. அதன் மேல் யாரோ தேங்காய் உடைத்திருந்தார்கள். மூன்று கல்யாண ரவிக்கைகள் நாள் தவறின, அதில் ஒரு பெண் பழைய ரவிக்கையோடு மேடை ஏறினாள். வருகிறவர்களிடமெல்லாம் இது எங்கள் அண்ணன் பொண்ணு, அண்ணன் பொண்ணு என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டியது. அவர்கள் தலையை ஆட்டி அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்கள். சிதம்பரத்தில் பாதிப்பேர் அனுப்பிரியா சொன்னதைக் கேட்டு நடந்துகொண்டிருந்தார்கள். பெற்றவன் மட்டும் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் திலகவதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு தடவை அடித்தும் கொண்டாள்.

ஆனால் தைத்துக்கொண்டே கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய ஒரு வாக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் நாள் முழுக்க எல்லாவற்றையும் கேட்டாள். துணித்துண்டுகளைச் சேர்ப்பது போல அந்த அரைகுறைப் பேச்சுகளைச் சேர்த்ததில், பெண்ணின் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஐஸ். மீனுக்குப் போடுகிற ஐஸ். ஐஸ் பேக்டரியிலும் கோல்ட் ஸ்டோரேஜிலும் ஓடுகிற மிஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். ஆனித் திருமஞ்சனத் தேருக்கு மறுநாள் அதற்கு மனு போடக் கடைசி நாள். அதே நாள்தான் கொளஞ்சியப்பன் சொன்ன கல்லூரியில் பணம் கட்ட மணிவண்ணன் நாள் பார்த்திருந்தான். கட்டிவிட்டால் திரும்ப வராது. பணமும் வராது, பெண்ணின் நாலு வருஷமும் வராது.

திலகவதி மறுபடி மறுபடி போன் போட்டாள். "ஐ.டி.ஐ." என்று சொல்லத் தொடங்கினால் "ஐ.டி. கம்பெனிதான, அதுக்குத்தான் கம்ப்யூட்டர்" என்று அண்ணன் முந்திக்கொண்டான். அண்ணி மலர்க்கொடிக்குப் போட்டாள். மலர்க்கொடி கூடை தூக்கி மீன் விற்கிறவள், தெருமுனையில் பேரம் நடந்துகொண்டிருந்தது. "அவுங்க மாமனும் அப்பாவும் பாத்துக்குறாங்க திலகா, நான் படிச்சவளா" என்றாள். அதற்குப் பிறகு அவளும் ஏதோ சொல்ல வந்தாள், பேரம் குறுக்கிட்டது. அது எந்த வீட்டில் போய் இறங்கியதோ.

இப்படியிருக்கையில் மணிவண்ணனே கிளம்பி வந்தான். தங்கை கூப்பிட்டு அல்ல. கூட்டாளி ஒரு பக்கமும் மச்சான் ஒரு பக்கமும் இழுத்ததில் அவனுக்கே மண்டை காய்ந்திருந்தது. அந்த நேரத்தில் துறைமுகத்தில் யாரோ, சிதம்பரத்தில் ஒரு குடம் வாக்குச் சொல்கிறது, சொன்னால் தவறுவதில்லை என்றார்கள். தேர் அன்று, மகளையும் கொளஞ்சியப்பனையும் கூட்டிக்கொண்டு முதுநகரில் பாசஞ்சர் ஏறினான். தேர் பார்த்துவிட்டு, ஆளைக் கேட்டுக் கேட்டுச் சந்துக்குள் நுழைந்து, வரிசையில் நின்று, கூட்டம் நகர நகர வாசலுக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"திலகா? இது ஒன் வூடா?"

"கட்டிக் குடுத்து இத்தினி வருசம் ஆச்சு, எங்க வூடு தெரியலியா ஒனக்கு?"

"கொடம் இங்கதான் பேசுதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

திலகவதி பக்கத்திலிருந்த சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விட்டாள்.

மணிவண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். சாமிக்கு முன்னால் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. கற்பூரம் கொளுத்திவிட்டு, "ஆத்தா, எம் பொண்ண என்னா படிக்க வைக்கிறதுன்னு எனக்குப் புரியல. நீதான் சொல்லணும்" என்றான். குடம் பேசாமல் இருந்தது. அனு அவன் பக்கத்தில் நின்றாள். தன் பேச்சு எங்கே போகிறது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. செத்துப்போகிறது என்றுதான் நினைத்திருந்தாள். அப்பா கேட்ட கேள்வியைக் கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, அத எங்கிட்ட கேளேன். நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"உஷ்! சாமி பேசப்போவுது, சும்மா இரு."

அவள் விழுங்கினாள். அது இந்தத் தடவை ரயிலடி தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு கை தூரத்தில் இருந்த குடம் அந்த இடத்திலிருந்தே தொடர்ந்தது.

"ஐ.டி.ஐ.ல ஏ.சி. மெக்கானிக் படிக்கிறேன்பா. ஐஸ் மிசினு, கோல்ட் ஸ்டோரேஜு எல்லாம் அதுலதான் வருது."

கொளஞ்சியப்பன், "பொம்பளப் புள்ள போயி ஸ்பேனர் புடிச்சிக்கினு..." என்று தொடங்கினான். ஆனால் குடத்துக்குக் காது இல்லை. அதற்கு நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. "புயல் அடிச்சப்ப கரண்டு போயி ஐஸ் மிசின் நின்னுச்சில்ல. மறுபடி கரண்டு வந்தும் அது ஓடல. மெக்கானிக்கு புதுச்சேரிலேர்ந்து வரணும், ரோட்டுல தண்ணின்னுட்டாங்க. அம்மா கூடை மீன மொத்தமும் உப்பனாத்துல கொட்டுனாங்க." கொளஞ்சியப்பன் மறுபடி வாயெடுத்தான். மணிவண்ணன் திரும்பி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "மச்சான், சாமி பேசும்போது குறுக்க பேசாத" என்றான்.

குடம் சொன்னது: "அன்னிக்கி நீ படகுக்கு அந்தாண்ட நின்னு, துண்டால மூஞ்ச மூடிக்கினு அழுத. யாரும் பாக்கலன்னு நெனச்சிக்கினு இருக்க. நம்ம ஊர்ல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளுக்கு அந்த மிசின ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சிருந்தா நீ அழுதிருக்க மாட்டல்ல. அந்த ஆளா நான் இருக்கேன்பா. அவ்ளோதான் சொல்ல வந்தேன்."

அதோடு நின்றது. சந்தில் அத்தனை பேரும் நின்றார்கள். அனுப்பிரியா வாயில் கையை வைத்தபடி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் தொடங்கிய பேச்சு முடிகிறபோது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது. மணிவண்ணன் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்தபோது கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. தான் அழுததை மனுஷர் ஒருவருக்கும் அவன் சொன்னதில்லை. பெண்டாட்டிக்கும் தெரியாது. கடவுளைத் தவிர வேறு யாருக்குத் தெரிந்திருக்க முடியும்?

திலகவதியால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "யோவ் அண்ணே, அது ஒம் பொண்ணு கொரலுய்யா. நல்லா கேட்டுப் பாரு."

"தெரியாதா எனக்கு?" என்றான் மணிவண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பெத்தவனுக்குக் கொரல் தெரியாதா? சாமிக்கு எம் பொண்ணு கொரல் புடிச்சிருக்கு. அதுல பேசுது." பிறகு மகளைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

மறுநாள் அவர்கள் ஐ.டி.ஐ.க்குத்தான் போனார்கள். கொளஞ்சியப்பன் ஒரு மாதம் பேசாமல் இருந்தான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதும் பேசத் தொடங்கினான். அனுவோடு அந்த வகுப்பில் இன்னொரு பெண்ணும் சேர்ந்தாள். குழாயில் கேஸ் ஒழுகுகிற இடத்தைச் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிக்க முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டார்கள். ஆனால் முதுநகர்க்காரர்கள் இன்றும் சொல்வது இதையல்ல, மணிவண்ணன் வீட்டில் நடந்த மாறுதலைத்தான். சிதம்பரத்துச் சாமி தன் மகள் குரலில் பேசுகிறது என்று நம்பிவிட்ட மனுஷன், அதற்குப் பிறகு அந்தக் குரலை எங்கே கேட்டாலும் குறுக்கே பேச முடியாதவனாகிவிட்டான். எப்போது சாமி, எப்போது மகள் என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று இரண்டுக்கும் ஒரே மரியாதை வைத்துவிட்டான். அனு வந்து "அப்பா" என்றால், கையில் இருக்கிற வலையைக் கீழே வைப்பான். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வான். அவள் சொல்லி முடிக்கும்வரை நிற்பான். "குழம்புல உப்பு கம்மி" என்று சொன்னாலும் அப்படித்தான். முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. சில வருஷங்களில் ஏலத்துக்கு நடுவே அவள் துறைமுகத்துக்கு வந்து எதையாவது சொன்னால், அந்த இடத்தில் கூச்சல் கொஞ்சம் அடங்கும் அளவுக்கு ஆயிற்று.

விழுங்க ஒன்றுமில்லாததால் குடமும் அந்தத் தேரோடு நின்றுபோயிற்று. கூட்டம் கொஞ்ச நாள் வந்து பார்த்தது; பிறகு தங்கள் தங்கள் வீட்டில் பேசிக்கொள்ளப் போய்விட்டது. ராணியம்மாளுக்கு வருத்தம். "நீ சரியா பாத்துக்கல திலகா" என்றாள். திலகவதி சந்தனத்தையும் குங்குமத்தையும் தேய்த்துக் கழுவி, அண்ணன் பெயரை மறுபடி வெளியே கொண்டுவந்து, குடத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் விழுந்த சத்தம் தண்ணீர் விழுகிற சத்தமாகவே இருந்தது.

கூட்டம் வடிந்த அந்த வாரம் மாமியார் விருத்தாம்பாள் கிள்ளையிலிருந்து வந்திருந்தாள். நடராஜரைச் சேவித்துவிட்டு வந்து உட்கார்ந்தவளிடம் பச்சமுத்து குடத்துக் கதையை முழுக்கச் சொன்னான். அவள் வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, "இதுக்கா இத்தினி கூட்டம் வந்துச்சு?" என்றாள். "நம்ம வூட்டு அரிசித் தவல, நீ இவளக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இவ கொரல்ல பேசிக்கிட்டுதான் இருக்கு."

திலகவதி கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "என்னாத்த பேசும்?"

"முட்டி வலிக்குதுங்கும். கூரை ஒழுவுதுங்கும். பாதிக்கு மேல இவனத்தான் திட்டும். நான் அரிசி அளக்கும்போது கேப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லியே."

"சொல்றதுக்கு என்னா இருக்கு? நீ சொன்ன, நான் கேட்டுக்கிட்டேன்" என்றாள் விருத்தாம்பாள். தைலமும் தார்ப்பாயும் எப்படி வந்தன என்று திலகவதி அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் எழுந்து மாமியாருக்குக் காபி போட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சர்க்கரை கூடிப்போயிற்று, கண் சரியாகத் தெரியாததால்.

பச்சமுத்து அன்றைக்கும் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் மறுநாள், "இந்தாங்க, நான் சொல்றது" என்று அவள் தொடங்கியபோது, சாவியைக் கையில் எடுத்தவன் வாசல் வரை போய், நின்று, திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்டேஷனில் ஆள் காத்திருந்தது. "சொல்லு" என்றான். அவளுக்கு என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துவிட்டது. ஞாபகம் வரும்வரை அவன் உட்கார்ந்திருந்தான்.

ஆடி பிறந்து சில நாள் கழித்துக் கிள்ளையிலிருந்து போன் வந்தது. விருத்தாம்பாளின் குரலில் கவலை இருந்தது.

"என்னாடி, ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? தவல நாலஞ்சு நாளா வாயே தொறக்கல."

"நல்லாத்தான் இருக்கேன் அத்த. இங்க இவுரே கேக்குறாரு."

"அப்ப சரி" என்றாள் விருத்தாம்பாள். போனை வைக்காமலே தவலையைத் திறந்து சாயங்காலத்துக்கு அரிசி அளந்தாள். வெறும் அரிசி விழுகிற சத்தம் சிதம்பரம் வரை கேட்டது.